எழுதாமல் விட்ட விரல்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் நிர்மலா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மகள் ஷெரின் போன வருடம் பாதியில் விட்ட அறிவியல் நோட்டு இது. முன்னால் இரண்டு பக்கம் தவளையின் இதயம் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

பெயர்: பியூலா. வயது நாற்பத்தொன்று. வேலை: பாளையங்கோட்டையில் ஒரு லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுப்பது.

"எப்ப வலிக்குது, என்ன செய்யும்போது வலிக்குது, எவ்வளவு நேரம் இருக்குது. இது மூணும் போதும். ஆறு வாரம் எழுதிட்டு வாங்க. அதப் பாத்துட்டு ஆபரேஷன் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர்.

ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். பின்மண்டைக்குள் இருக்க வேண்டிய சிறுமூளையின் அடிநுனி, மண்டையோட்டின் கீழ்த்துவாரம் வழியாகக் கழுத்துக்குள் பத்து மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறதாம். அநேகமாகப் பிறந்ததிலிருந்தே. அதற்குப் பெயர் கியாரி. இருமினால், தும்மினால், முக்கினால், குனிந்தால் அந்த இடத்தில் நெருக்கும். இரண்டு வருடமாக ஒற்றைத் தலைவலி என்றார்கள், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், சோகை என்றார்கள். ஒருவர் "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றுகூடக் கேட்டார். எல்லாம் பத்து மில்லிமீட்டர். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது.

"கைவிரல் மரத்துப் போறது, சூடு தெரியாம இருக்கிறது, அந்த மாதிரி ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஜூன் 10

காலையில் இருமல். பின்தலையில் சம்மட்டி அடித்தாற்போல. நாற்பது விநாடி.

ஜூன் 13, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிரித்ததால் வலித்தது.

என் வீட்டுக்காரர் ஞானதுரை பஸ் கண்டக்டர். தூத்துக்குடி ரூட். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அன்றைய பயணிகளில் நான்கு பேரையாவது நடித்துக் காட்டிவிடுவார். இன்றைக்கு ஒரு பெரியவர், செத்துப்போனவருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்டாராம். கையில் மாலை போட்ட போட்டோ. "அவ எப்பவும் சன்னல் ஓரந்தான் உக்காருவா" என்று போட்டோவை ஓர சீட்டில் வைத்துக்கொண்டாராம். வல்லநாட்டில் ஒரு அம்மா ஏறி, போட்டோவிடமே "செத்தத் தள்ளி இரிங்க" என்றாளாம்.

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சிரித்தேன். அப்படியே பிடரியைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருண்டது. இரண்டு நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்தபோது அவர் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஒண்ணுமில்ல. மிச்சத்தச் சொல்லுங்க" என்றேன்.

"அம்புட்டுத்தான் பிள்ள. முடிஞ்சி போச்சி" என்றார்.

ஜூன் 18

குனிந்து தலைக்குக் குளிக்க முடிவதில்லை. நின்றபடி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஊற்றிக்கொள்கிறேன். குடத்தை ஷெரின் தூக்கிவிடுகிறாள். பரணைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் தரை ஒரு பக்கம் சரிகிறது. இட்லி சில சமயம் தொண்டையில் நின்றுகொள்கிறது, விள்ளலைச் சிறிதாக்கிக்கொண்டேன். இதெல்லாம் பழகிவிட்டது. எழுதும்போதுதான் நீளமாகத் தெரிகிறது.

கண்ணாடி டம்ளர் ஒன்று கையை விட்டு விழுந்து உடைந்தது. சோப்பு வழுக்கிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலில் கீர்த்தனை பாடும்போது மேல் சுருதி எடுக்கவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். ஆராதனை முடிந்ததும் ஆறு பேர் ஆறு தைலம் சொன்னார்கள். மூளை கீழே இறங்கியிருக்கிறது என்றால் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. "ஆளப் பாத்தா நல்லாத்தான இருக்கிய" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் இந்த வாரம் முழுக்கப் பேச்சே இல்லை. வருகிறார், சாப்பிடுகிறார், காலண்டரைப் பார்க்கிறார். பஸ்ஸில் இன்றைக்கு என்ன என்று கேட்டால், "என்ன இருக்கு, கூட்டந்தான்" என்கிறார். டூட்டி அதிகம் போல. இல்லாவிட்டால் சீக்காளி வீட்டில் யாருக்குத்தான் அலுக்காது.

ஜூன் 27, வெள்ளி

வலி: காலையில் ஒன்று, தும்மலில் ஒன்று.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இதய வால்வு மாற்றியிருப்பதால், ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்க வேண்டும். ஆறு வருடமாக என்னிடம்தான் கையை நீட்டுவார். வேறு யாராவது வந்தால், "சிஸ்டர் வரட்டும், நான் இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

இன்று நரம்பு கிடைக்கவில்லை. நான்கு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குத்திய இடம் உடனே நீலம் பாரிக்கும். முழங்கை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பாரித்துவிட்டது.

"நரம்பெல்லாம் வத்திப் போயி கெடக்கு அண்ணாச்சி. தண்ணியே குடிக்க மாட்டியளா?" என்றேன்.

"அப்படியா சிஸ்டர்? குடிக்கேன், குடிக்கேன்" என்றார்.

வயதானவர்களுக்கு அப்படி ஆவது உண்டு.

ஜூலை 3

தோசைக்கல்லின் காது இடது கையில் பட்டுக் கொப்பளித்துவிட்டது. கவனக்குறைவு.

ஜூலை 6, ஞாயிறு

இதில் வலி எதுவும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிப்படி ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவேன், சத்தம் கேட்காது. பாதிப் படியில் ஷெரின் சிரிப்பது கேட்டது. பதிமூன்று வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவர் குரல், ஒரு கிழவியின் குரலாக மாறியிருந்தது: "ஏ கண்டக்டரே, சேவலுக்கு டிக்கெட்டு கேக்கியே, அது நின்னுக்கிட்டுத்தான வருது!" பிறகு சேவல் கூவியது. டிரைவர் அதை விசில் என்று நினைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டாராம்.

நான் படியிலேயே நின்றேன். துணியை எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

இராத்திரி சாப்பாட்டில் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரசம் நல்லாயிருக்கு என்றார் அவர்.

ஜூலை 11, வெள்ளி

அண்ணாச்சி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அதில் அவர் கால் அடங்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். கணுக்காலில் வார் பதிந்த தடம், பிசைந்த மாவில் கயிறு அழுத்தினாற்போல இருந்தது. மூச்சும் இரைத்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"நீங்க சொன்னியள்லா சிஸ்டர். தண்ணி குடிக்கேன். முந்தி டாக்டர் ஒண்ணர லிட்டர்தான்னு அளந்து சொல்லியிருந்தாவ. இப்ப ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடிக்கேன். இன்னைக்கு நரம்பு கிடைக்கும், பாருங்க" என்று கையை நீட்டினார். பழைய நீலம் மஞ்சளாகி இன்னும் போகாமல் இருந்தது.

நான் ரத்தம் எடுக்கவில்லை. லேப் டாக்டர் கோமதியை உடனே அழைத்தேன். காலை அழுத்திப் பார்த்துவிட்டு, அவருடைய இதய டாக்டருக்குப் போன் செய்து, ஆட்டோ வைத்து அனுப்பினார்.

"இவருக்குத் தண்ணி கூடாதே. யார் குடிக்கச் சொன்னா?" என்று கேட்டார் டாக்டர்.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

லீவு சொல்லிவிட்டேன். அவரும் ஷெரினும் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டு டாக்டருக்குப் போகும் என்பதால் நான் எழுதாமல் விட்டதெல்லாம் இது.

பொங்கல் கழிந்த வாரத்தில் இருந்து இடது கை ஆள்காட்டி விரல் மரத்திருக்கிறது. பிறகு கட்டை விரல். இப்போது நடுவிரலும். ரத்தம் எடுப்பது வலது கை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது ஊசியைப் பிடிக்கிற கைதான். எடுப்பது இடது ஆள்காட்டி விரல். அது தோலின் மேல் நடந்து போய், அடியில் ரப்பர் குழாய் போல எழும்பி அமுங்குகிற ஒன்றைக் கண்டுபிடித்து, இங்கே என்று சொல்ல வேண்டும். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த விரல் இப்போது எதையும் சொல்வதில்லை. துணி சுற்றியது போல இருக்கிறது.

கண்ணால் பார்த்து எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு ஞாபகத்தால் எடுத்தேன். இரண்டும் இல்லாதபோது குத்திப் பார்த்தேன். ஆறு மாதம்.

டம்ளர் சோப்பில் வழுக்கவில்லை. பிடித்திருக்கிறேனா என்று தெரியாமலே விட்டேன். தோசைக்கல் சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் நிர்மலா கேட்டபோது இல்லை என்றது, அவர் எழுதுகிற தாள் லேபுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில். அப்படிப் போகாது என்று பதினெட்டு வருடம் லேபில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

அண்ணாச்சிக்கு நரம்பு வற்றவில்லை. என் விரல் செத்ததற்கு அவருடைய நரம்பின் மேல் பழி போட்டேன். அவர் நம்பினார்.

அதே நாள், சாயங்காலம்

அவர் வந்ததும் நோட்டைக் கையில் கொடுத்தேன். பையைத் தோளில் இருந்து இறக்காமல், நின்றபடியே முழுக்கப் படித்தார். கொப்பளம் ஆறிய இடத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு மாசமா? எங்கிட்டச் சொல்ல என்ன பிள்ள?"

"நீங்க ஏன் மாடிக்குப் போனிய?" என்றேன். கோபமாகக் கேட்க நினைக்கவில்லை, அப்படித்தான் வந்தது.

அவர் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

"நீ சிரிச்சா உசிரு போற மாதிரி வலிக்கி. நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லாம இருக்கவும் முடியல, அதான் ஷெரினக் கூட்டிக்கிட்டு மேல போனேன்."

"என்னய அலுத்துப் போச்சின்னு நெனச்சேன். உங்களுக்கு."

"லூசு" என்றார்.

"வலிச்சா ரெண்டு நிமிசந்தான வலிக்கி. கீழ வந்து சொல்லுங்க" என்றேன்.

ஷெரின் கதவோரம் நின்றிருந்தாள். "யம்மா, சேவல் கதைய அப்பாதான் நல்லாச் சொல்லுவாவ" என்றாள்.

சொன்னார். பிடரியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கேட்டேன். மூன்று நிமிடம் வலித்தது. டாக்டர் குறித்துக்கொள்ளவும்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் இருவரும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். ஊசி போட்டு நீரை இறக்கி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். நாற்காலியில் காலை உயர்த்தி வைத்திருந்தார். அவர் மனைவி செல்லக்கனி அக்கா காப்பி கொண்டுவந்தார்கள். காப்பியைத் தொடாமலே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அண்ணாச்சி தன் முழங்கை மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் நரம்பு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. என் விரலுதான் சரியில்ல."

"பதினாலு நாளா ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட எந்திச்சுத் தண்ணி குடிச்சேன்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "டாக்டர் சொன்னத விட்டுட்டு நீங்க சொன்னதக் கேட்டேன். ஆறு வருசப் பழக்கம்லா."

செல்லக்கனி அக்கா, "மூச்சு முட்டி உக்காந்துக்கிட்டே தூங்குனாவ. நான் ஒத்தையில இருந்து பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

நாங்கள் எழுந்தபோது அண்ணாச்சி சொன்னார்: "வந்து சொன்னியள, அது சரி. ஆனா இனி நான் அங்கன வரமாட்டேன் சிஸ்டர்."

"சரி அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் கோமதியிடம் சொன்னேன். "எத்தன பேர் கைய இப்படிக் குத்தியிருப்பீங்க பியூலா?" என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். ஊசித் தட்டை என் பக்கத்திலிருந்து அவரே எடுத்துத் தள்ளி வைத்தார். "முதல்ல வைத்தியத்தப் பாருங்க. வேற வேல என்ன தர முடியும்னு அப்புறம் யோசிக்கிறேன்" என்றார். வெளியே வந்து இசக்கியம்மாள் அக்காவிடம் என் கையுறைப் பெட்டியைக் கொடுத்தேன். அக்கா வரவேற்பு மேசையில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்த அளவு கை கிடையாது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஜூலை 18

டாக்டர் நிர்மலா நோட்டை வாசித்தார். தவளையிலிருந்து ஆரம்பித்து, ஒரு பக்கம் விடாமல். ஜூலை பன்னிரண்டாம் தேதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர்க் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் விரலில் வைத்து எது எது என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் எனக்கு.

அன்றே கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிய ஒரு குழிவு, நீளவாக்கில். மூளையைச் சுற்றி ஓட வேண்டிய நீர் துவாரத்தில் அடைபட்டு, வழி இல்லாமல் உள்ளே புகுந்துகொண்டதாம். அதுதான் விரலிலிருந்து வருகிற சேதியை அறுக்கிறது.

"பின்மண்டையில கொஞ்சம் எலும்ப எடுத்து எடம் பண்ணிக் குடுக்கணும். தலைவலி பெரும்பாலும் கொறையும். மரத்துப் போனது திரும்பும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். மேல பரவாம நிறுத்தத்தான் பாக்கறோம்."

"ஜூன்லயே சொல்லியிருந்தா?"

"ஒரு மாசத்துல பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பொங்கலுக்குச் சொல்லியிருந்தா, தெரியல" என்றார். பொய் சொல்லாத டாக்டர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளை ஆபரேஷன். பின்தலை முடியை மழித்துவிட்டார்கள். முன்பக்கம் மிச்சமிருந்ததை ஷெரின் இரண்டு சடையாகப் பின்னிவிட்டாள். அவர் வார்டில் இருக்கிற எல்லோருக்கும் போட்டோப் பெரியவர் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். எதிர்க் கட்டில் அம்மாவுக்குத் தையல் வலிக்கிறதாம், நர்ஸ் திட்டினாள்.

பயம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 12

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வாந்தி நின்றது. தையல் பதினேழு. எழுத்து கோணல்.

ஆகஸ்ட் 29

வீட்டில். இருமல் வந்தது. கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தேன். தையல் இழுத்தது. அந்தச் சம்மட்டி வரவில்லை. இன்னொரு முறை வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். அவர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அரை வாளி தூக்கியதற்கு அவரும் மகளும் சேர்ந்து திட்டினார்கள். கட்டை விரலில் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறது, ஊசி ஊசியாக. ஆள்காட்டி விரல் அப்படியேதான். தினமும் காலையில் அதை அரிசிக்குள் விட்டுப் பார்க்கிறேன். அரிசி என்று கண்ணுக்குத் தெரிகிறது.

அக்டோபர் 13, திங்கள்

வேலைக்குப் போனேன். பதிவு மேசை, இசக்கியம்மாள் அக்கா பக்கத்தில். பெயர், வயது, என்ன பரிசோதனை. மதியம் வரை என் கை தானாகவே ஊசித் தட்டு இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் எடுப்பது இப்போது அனிதா. இருபத்தாறு வயது, நிதானமான கை. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஏழரை மணிக்குச் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். கால் செருப்புக்குள் அடங்கியிருந்தது. நான் பெயர் கேட்காமலே எழுதினேன். அவர் என் பின்கழுத்துத் தழும்பைப் பார்த்தார்.

"வேற எடத்துலதான் இத்தன நாளும் குடுத்தேன். அங்கன யாருக்கும் எங்க எடுக்கணும்னு தெரியல" என்றார். பிறகு, "விரலு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி. அது இனி வராது."

அவர் சட்டைக் கையை மடித்து, மேசைக்கு மேலாகக் கையை என்னிடம் நீட்டினார்.

"பரவால்ல. நீங்களே எடுங்க. ரெண்டு குத்து ஆனாலும் ஆவுது."

அந்தக் கையைப் பார்த்தேன். வலது கையால் அதைப் பிடித்துப் பைய மடக்கி அவரிடமே கொடுத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் எடுக்க மாட்டேன்."

அனிதாவைக் கூப்பிட்டேன். அவள் பட்டையைக் கட்டி, மடிப்பின் நடுவில் தேடினாள். எல்லோரும் அங்கேதான் தேடுவார்கள்.

"அங்க வேண்டாம் அனிதா. வெளிப்பக்கமா ரெண்டு விரல் கீழ வா. மேலோட்டமாத் தெரியாது, ஆழத்துல இருக்கும். அமுக்கிப் பாரு. கொஞ்சம் உருளும், கட்டை விரலால தோல இழுத்துப் பிடிச்சுக்கோ."

அவள் கண்ணை மூடி விரலை நகர்த்தினாள். அவள் முகத்தில் அது கிடைத்தது எனக்குத் தெரிந்தது. ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது.

அண்ணாச்சி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு வாரம் கழிச்சி வெள்ளிக்கெழம வாரேன் சிஸ்டர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விம்மி விம்மி, ஐந்து நிமிடம் இருக்கும். வலி இல்லை.